பத்தடி போன செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, அரளி: வடிவம் கெடாமல் கவாத்து செய்வது எப்படி?

திண்ணைத்தோட்டம் (திருச்சி)

வணக்கம். காம்பவுண்டு சுவரை ஒட்டி நான்கு செடிகள், எல்லாம் பன்னிரண்டு வயது. டேப் வைத்து அளந்தே போடுகிறேன்.

ஒற்றைச் செம்பருத்தி: 10 அடி உயரம். தூரிலிருந்து 14 தண்டு. பூ எல்லாம் உச்சியில்தான், கீழே நாலடிக்கு ஒரு இலை கிடையாது.
அடுக்கு நந்தியாவட்டை: 8 அடி உயரம், 9 அடி அகலம். நடைபாதையைப் பாதி அடைத்துவிட்டது.
சிவப்பு இட்லிப்பூ: 5 அடி. வருடக்கணக்காகப் பெட்டி மாதிரி மட்டம் வெட்டப்பட்டது. வெளியே ஒரு சாண் பச்சை, கையை உள்ளே விட்டால் வெறும் குச்சி. பூ அரிது.
இளஞ்சிவப்பு அரளி: 11 அடி. வீட்டுக்கு வரும் கரண்டு வயரைத் தொட இன்னும் ஒரு அடிதான் பாக்கி.

வேலைக்கு வரும் அண்ணன் "எல்லாத்தையும் நாலடியில மட்டமா அடிச்சுடலாம், ஒரு மாசத்துல தழைஞ்சிடும்" என்கிறார். செடி அதனதன் இயல்பில் இருக்க வேண்டும், உயரமும் குறைய வேண்டும். எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது? இப்போது தை மாதம், செய்யலாமா?

---

கவைக்கோல் (மதுரை)

மட்டமாக மட்டும் வெட்ட விடாதீர்கள். தழையும் என்று அவர் சொல்வது உண்மைதான். எப்படித் தழையும் என்பதில்தான் சிக்கல்.

கிளையின் நுனி மொட்டு ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை உண்டாக்கிக் கீழே அனுப்புகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை கீழே உள்ள பக்க மொட்டுகள் உறங்கும். நுனியை வெட்டியதும் தடை விலகி, வெட்டுக்கு அடுத்துள்ள இரண்டு மூன்று கணுக்கள் ஒரே நேரத்தில் விழிக்கும். ஒரு கிளை இருந்த இடத்தில் மூன்று. அடுத்த முறை அதே உயரத்தில் வெட்டினால் மூன்று ஒன்பதாகும். நாலைந்து தடவையில் செடியின் மேல் ஒரு கூரை வேய்ந்த மாதிரி இலை அடைந்துவிடும். உள்ளே வெயில் இறங்காது, உள்ளிருக்கும் இலை உதிரும், கிளை குச்சியாகும். உங்கள் இட்லிப்பூ இருக்கும் நிலை இதுதான்.

ஆகவே வெட்டில் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளையின் நடுவில் வெட்டுவது ஒன்று. அதை நுனிவெட்டு என்போம். அது கிளையைப் பெருக்கும். கிளை பிறக்கும் இடத்துக்கே போய், முழுக் கிளையையும் எடுப்பது இன்னொன்று. அதைக் களைவு வெட்டு என்று வைத்துக்கொள்வோம். அது பெருக்காது, குறைக்கும். வெட்டிய தடமும் வெளியே தெரியாது. வடிவம் கெடக்கூடாது என்றால் முக்கால்வாசி வெட்டு இரண்டாவது வகையாக இருக்க வேண்டும்.

உயரத்தைக் குறைப்பதும் களைவு வெட்டால்தான். உயர்ந்து போன கிளையைப் பிடித்துக் கீழே வாருங்கள். அதிலிருந்து பிரியும் பக்கக் கிளை ஒன்று, நீங்கள் விரும்பும் உயரத்தில், வெளிப்பக்கம் நோக்கி இருக்கும். அந்தப் பிரிவுக்கு மேலே தாய்க் கிளையை வெட்டுங்கள். இனி அந்தப் பக்கக் கிளையே நுனி. ஒரு நிபந்தனை: விட்டுவைக்கும் பக்கக் கிளையின் பருமன், எடுக்கும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். தாய்க் கிளை 3 செ.மீ. என்றால் பக்கக் கிளை 1 செ.மீ. அதைவிட மெல்லியதாக இருந்தால் அதனால் நுனி வேலையைச் செய்ய முடியாது. சுற்றிலும் நேர்குத்தாக நீர்ப்போத்து (பூவுக்கு வர நாளாகும் கொழுத்த துளிர்) கிளம்பி, துடைப்பத்தைத் தலைகீழாக நட்டது போல் ஆகிவிடும்.

ஒரு பருவத்தில் மொத்தத் தழையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். 10 அடி செம்பருத்தியை இந்த வருடமே 5 அடிக்குக் கொண்டுவரும் ஆசை வேண்டாம். இந்தத் தையில் ஏழரை, அடுத்த தையில் ஆறு என்று போங்கள்.

---

இலைச்சருகு (கோவை)

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெட்டுவதற்கு முன் இலை அடுக்கைப் பாருங்கள். வெட்டியபின் என்ன வரும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

செம்பருத்தியில் இலை மாற்றி மாற்றி, கணுவுக்கு ஒன்று. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை செ.மீ. மேலே, கணுவின் எதிர்ப்புறம் சரியும்படி வெட்டினால் புதுக் கிளை வெளியே போகும். புத்தகங்களில் வரும் "வெளிநோக்கிய மொட்டு" விதி இதற்குப் பொருந்தும்.

நந்தியாவட்டையிலும் இட்லிப்பூவிலும் கணுவுக்கு இரண்டு இலை, எதிரெதிரே. எங்கே வெட்டினாலும் இரண்டு பக்கமும் துளிர்க்கும். ஒன்று வெளியே போனால் மற்றது உள்ளே போகும். இங்கே மொட்டைத் தேர்ந்து வெட்டுவதில் பயனில்லை. வெட்டி மூன்று வாரம் கழித்து, துளிர் ஒரு அங்குலம் இருக்கும்போது, உள்ளே பார்த்ததைக் கட்டைவிரலால் ஒதுக்கித் தள்ளிவிட வேண்டும். அப்போது நகத்தால் போகும். மூன்று மாதம் விட்டால் கத்தரி வேண்டும்.

அரளியில் கணுவுக்கு மூன்று இலை. ஒரு நுனிவெட்டுக்கு மூன்று கிளை. அதனால்தான் மட்டமாக வெட்டிய அரளி ஒரே வருடத்தில் புதர் மண்டிப் போகிறது.

---

கவைக்கோல் (மதுரை)

இலைச்சருகு சொன்னது அருமையான விஷயம். நந்தியாவட்டைக் கிளை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். கிளை சிறிது தூரம் போய் இரண்டாகப் பிரியும். அந்தக் கவையில் மொட்டுக் கொத்து உட்கார்ந்திருக்கும். பிரிந்த ஒவ்வொன்றும் மறுபடி சிறிது தூரம் போய் மறுபடி இரண்டாகப் பிரியும். கவைக்கு மேல் கவை, அதுவும் அகன்று படுத்தாற்போல். அதன் அறிவியல் பெயரில் உள்ள டிவேரிகேட்டா என்ற சொல்லே அகல விரிந்தது என்று பொருள்படுவது. எட்டி நின்று பார்த்தால் குடையை அடுக்கி வைத்தது போல் தட்டுத் தட்டாகத் தெரியும். செடியின் அழகே அந்தத் தட்டுகளுக்கு நடுவில் தெரியும் இடைவெளிதான். உருண்டையாக வெட்டினால் முதலில் சாவது அந்த இடைவெளி.

எனவே நந்தியாவட்டையில் வெட்டும் இடம் எப்போதும் கவைதான். நீண்டுபோன கையை விட்டு, குட்டையான கையை வைத்துக்கொள்ளுங்கள். நீண்டதைக் கவையின் அடியோடு எடுங்கள். பாதைப் பக்கம் 9 அடி அகலத்தை 7 ஆக்க, வெளி ஓரத்தில் இப்படி 15 முதல் 20 கவை வெட்டு போதும். தட்டு தட்டாகவே இருக்கும், ஒரு கை உள்ளே போயிருக்கும், அவ்வளவுதான்.

பால் வடியும். கண்ணில் பட்டால் எரிச்சல், ஆகவே தலைக்கு மேல் உள்ள கிளையை நிமிர்ந்து பார்த்தபடி வெட்டாதீர்கள். கத்தரியின் அலகில் பால் காய்ந்து பிசினாகும். துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டு அவ்வப்போது துடையுங்கள். துடைக்காத கத்தரி கிளையை வெட்டாது, நசுக்கும்.

---

பட்டறைக்காரர் (சேலம்)

கருவி பற்றி. விரல் பருமன் வரை கவாத்துக் கத்தரி. கடையில் புரூனர் என்று கேளுங்கள். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு அலகு தட்டையான தகட்டில் வந்து மோதும் வகை காய்ந்த குச்சிக்கு மட்டும்தான் சரி, பச்சைக் கிளையின் பட்டையை நசுக்கிவிடும். கத்தரியின் மெல்லிய அலகு செடியில் நிற்கப்போகும் பக்கத்தில் இருக்க வேண்டும், தடித்த கொக்கி கழிக்கப்போகும் பக்கம். திருப்பிப் பிடித்தால் அரை செ.மீ. குச்சம் (வெட்டியது போக நீட்டி நிற்கும் துண்டு) நிற்கும்.

இரண்டு விரல் பருமனுக்கு நீளக் கைப்பிடி கத்தரி. அதற்கு மேல் மடக்கு ரம்பம். அரிவாள் வேண்டாம். ஒரே வீச்சில் போகும் என்று தோன்றும், தண்டு பிளந்து அந்தப் பிளவு கீழே தூர் வரை ஓடிவிடும்.

பெரிய வேலிக் கத்தரியையும் மோட்டார் கத்தரியையும் அன்றைக்கு வெளியே எடுக்கவே வேண்டாம். கையில் இருந்தால் மட்டம் பார்க்கத் தோன்றும்.

ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது அலகை மருந்துக் கடை ஸ்பிரிட்டால் துடையுங்கள். நுனியிலிருந்து கருகி வரும் கிளை தென்பட்டால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் துடைக்க வேண்டும்.

---

திண்ணைத்தோட்டம் (திருச்சி)

மிக்க நன்றி. செம்பருத்தியில் 14 தண்டு இருக்கிறதே, அதில் எதை எடுப்பது? வெட்டும்போது தண்டோடு ஒட்ட வெட்டவா, கொஞ்சம் விட்டு வெட்டவா?

---

கவைக்கோல் (மதுரை)

தூருக்கு அருகே உட்கார்ந்து தண்டுகளைப் பாருங்கள். பட்டை சாம்பல் நிறமாக வெடித்து, கைக்குச் சொரசொரப்பாக இருப்பவை பழையவை. பழுப்பும் பச்சையுமாக வழவழப்பாக இருப்பவை இளையவை. வெட்டும் வரிசை இது: முதலில் காய்ந்தவை. நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரியவில்லை என்றால் எடுத்துவிடலாம். அடுத்து ஒன்றோடொன்று உரசிப் புண்ணானவை, இரண்டில் ஒன்று போக வேண்டும். அதற்கடுத்து சுவர்ப்பக்கம் வளைந்து வெயிலுக்குத் தவிப்பவை. இதிலேயே பாதி வேலை முடிந்து, செடி எங்கே நெருக்கமாக இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதன் பிறகே பழந்தண்டுகளில் நான்கை, தரையிலிருந்து ஒரு சாணுக்குள், ஒரே பக்கத்தில் குவியாமல் சுற்றிலும் பரவலாக எடுங்கள். அடுத்த தையில் இன்னும் நான்கு, அதற்கடுத்த வருடம் மிச்சம். மூன்று வருடத்தில் தூர் முழுக்க இளந்தண்டாகிவிடும், எந்த நாளிலும் செடி மொட்டையாக நின்றிருக்காது.

மூன்று வெட்டுக்கு ஒருமுறை கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள். பக்கத்தில் நின்றுகொண்டே வெட்டினால் ஒரு பக்கம் குழி விழுந்துவிடும். எடுத்த கிளையை மறுபடி ஒட்டவைக்க முடியாது.

ஒட்ட வெட்டுவதா என்று கேட்டீர்கள். இரண்டும் தவறு. கிளை தாய்த்தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போல் லேசான புடைப்பு இருக்கும். புண்ணை மூடும் திசு அங்கேதான் இருக்கிறது. புடைப்பை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்ட வேண்டும். புடைப்போடு சேர்த்து வழித்தால் புண் பெரிதாகி அழுகல் தண்டுக்குள் இறங்கும். இரண்டு அங்குலக் குச்சம் விட்டால் அது காய்ந்து, கறையான் குடியேறும் இடமாகும்.

ரம்பம் பிடிக்கும் பருமனென்றால் மூன்று வெட்டு. புடைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதலில். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை விழுந்துவிடும். மிச்சக் குச்சத்தைப் புடைப்புக்கு வெளியே எடுப்பது மூன்றாவது. அடி வெட்டு போடாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை தன் கனத்தில் முறிந்து, பட்டையை முழம் நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும்.

---

மொட்டைமாடி (சென்னை)

இவ்வளவு சிரமம் எதற்கு? செம்பருத்தி எதையும் தாங்கும். ஒன்றரை அடியில் மொத்தமாக வெட்டினாலும் வரும். ரோட்டு நடுவில் அரளியை அப்படித்தானே வெட்டுகிறார்கள், பூக்காமலா போகிறது?

---

இலைச்சருகு (கோவை)

வரும், மறுக்கவில்லை. செம்பருத்தி, அரளி, மருதாணி, பவழமல்லி, டெக்கோமா எல்லாம் பழந்தண்டில் உறங்கும் மொட்டு நிறைய வைத்திருப்பவை. நன்றாக வேரூன்றிய, நோயில்லாத செடி என்றால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மூன்று சங்கடம்.

முதலாவது, வெட்டிய மட்டத்தில் தண்டுக்கு நாலைந்து போத்து கொத்தாகக் கிளம்பும். அவை தண்டின் ஓரத்தில் மேலோட்டமாக ஒட்டியிருப்பவை. ஆடிக் காற்றில் பூவும் இலையுமாகக் கனத்து நிற்கும்போது அடியோடு பிய்ந்து விழும். இரண்டாவது, இலையே இல்லாமல் துளிர்ப்பதற்கு வேரிலும் தண்டிலும் உள்ள சேமிப்பு செலவாகிறது. பன்னிரண்டு வயதுச் செடியில் சில தண்டுகள் துளிர்க்காமலே போகும். எவை என்று முன்கூட்டித் தெரியாது. மூன்றாவது, வருடக்கணக்கில் நிழலில் இருந்த பட்டை திடீரென்று நேர் வெயிலைப் பார்க்கும். மேற்குப் பக்கம் வெந்து வெடிக்கும்.

சாலை நடுவே உள்ள அரளிக்குத் தேவை ஒரே உயரம், எதிரே வரும் வண்டியின் விளக்கை மறைப்பது. அங்கே அந்த வெட்டு சரி. இங்கே கேட்கப்பட்டது வடிவம்.

மொத்தமாக வெட்டித்தான் ஆக வேண்டிய செடியும் உண்டு. உள்ளே பாதிக்கு மேல் காய்ந்து, எந்தக் கிளையிலும் பிடிக்க ஒரு பக்கக் கிளை இல்லாத செடி. அப்போதும் எல்லாத் தண்டையும் ஒரே மட்டத்தில் வெட்டாமல் ஒன்றை 1 அடி, ஒன்றை 2 அடி, ஒன்றை 3 அடி என்று ஏற்றி இறக்கி வெட்டுங்கள். துளிர் வெவ்வேறு உயரத்தில் வரும், தழையும்போது கொத்தாகத் தெரியாது.

---

மொட்டைமாடி (சென்னை)

ஏற்றி இறக்கி வெட்டுவது நல்ல யோசனை. சுண்ணாம்பு அடித்தால் வெயில் தாங்குமா?

---

இலைச்சருகு (கோவை)

தாங்கும். சுவருக்கு அடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, புதிதாக வெயில் படும் தடித்த தண்டுகளில், மேற்கும் தெற்கும் பார்த்த பக்கம் ஒரு பூச்சு. துளிர் வந்து நிழல் விழும் வரைக்கும் போதும்.

மாதம் பற்றி யாரும் சொல்லவில்லை. திருச்சிக்குத் தை நல்ல காலம். வடகிழக்கு மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் ஏறவில்லை. தையில் வெட்டினால் மாசியில் துளிர், கத்திரி வெயிலுக்குள் இலை முற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டினால் வெட்டுவாய் ஈரமாகவே இருந்து, கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். சித்திரை, வைகாசியில் காய்ந்த குச்சியைத் தவிர எதையும் தொடாதீர்கள்.

பூவையும் பார்க்க வேண்டும். செம்பருத்தியும் அரளியும் புதுத் தளிரில் பூப்பவை. வெட்டியபின் இரண்டு மூன்று மாதம் பூ குறையும், பிறகு முன்னைவிட அதிகம். பவழமல்லி மழைக்காலத்தை ஒட்டிப் பூப்பது. பூ முடிந்த கையோடு தை, மாசியில் வெட்டலாம், ஆடியில் வெட்டினால் அந்த வருடப் பூவை வெட்டியதாகிவிடும். குண்டுமல்லிக்குக் கணக்கே தனி, நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டுவது வழக்கம். அது பூ மகசூலுக்காகச் செய்வது, வடிவத்துக்காக இல்லை.

---

தெச்சிப்பூ (நாகர்கோவில்)

இட்லிப்பூவைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பக்கம் தெச்சி. நான்கில் இதற்குத்தான் பொறுமை வேண்டும். வளர்ச்சி மெதுவு, பூ ஒவ்வொரு கிளையின் நுனியிலும்தான். மட்டமாக வெட்டும் ஒவ்வொரு முறையும் வரப்போகிற பூங்கொத்தை வெட்டிக் கீழே போடுகிறோம். பூ அரிது என்று எழுதியிருந்தீர்கள், காரணம் அதுவே.

பெட்டியாக வெட்டிய செடியைத் திருப்ப ஒரு வழி உண்டு. உள்ளே இலை இல்லாததால் இப்போதே இறக்கி வெட்ட முடியாது. முதலில் ஜன்னல் திறக்க வேண்டும். மேல்பரப்பில் ஐந்தாறு இடம் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அங்கே கையை உள்ளே விட்டு, ஒரு அடி ஆழத்தில், முடிச்சு முடிச்சாகக் கிளைத்திருக்கும் கொத்தை ஏதாவது ஒரு கணுவுக்கு மேல் வெட்டி வெளியே எடுங்கள். பக்கவாட்டிலும் நாலைந்து. வெளியிலிருந்து பார்த்தால் ஆங்காங்கே ஓட்டை தெரியும். பதறாதீர்கள்.

வெயில் உள்ளே விழுந்ததும் காய்ந்தது போல் இருந்த குச்சிகளின் கணுக்களில் சிவந்த துளிர் முளைக்கும். இரண்டு மூன்று மாதம் ஆகும். அவை நான்கு இலை விட்டபின், பக்கத்தில் உள்ள மேல்பரப்புக் கொத்தை அந்தத் துளிர் வரைக்கும் இறக்கி வெட்டலாம். இப்படியே சுற்றிவர இரண்டு வருடம். பெட்டி கரைந்து, தாழ்ந்தும் உயர்ந்தும் கொத்துக்கொத்தாக வரும். அதற்குப்பின் பராமரிப்பு என்பது வாடிய பூங்கொத்தை அதற்குக் கீழே ஒரு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளுவது மட்டுமே.

சுவர் ஓரம் என்கிறீர்கள். சிமெண்டுக் கலவை கொட்டிய மண்ணில் தெச்சிக்கு இரும்புச்சத்து ஏறாது. புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான். அன்னபேதி (இரும்பு சல்பேட்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. கவாத்து செய்த செடியில் வருவதெல்லாம் புது இலை, ஆகவே இந்தக் குறை அப்போதுதான் பெரிதாகத் தெரியும்.

---

பட்டறைக்காரர் (சேலம்)

அரளிக்கு ஒரு எச்சரிக்கை. இலை, தண்டு, பூ, பால் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கையுறை போடுங்கள். வெட்டிய தழையை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடக்கூடாது. காய்ந்த பிறகும் நஞ்சு போகாது. எரிக்கவே கூடாது, புகையும் கெடுதல். குச்சியைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். தழையைக் குழியில் புதைப்பது உத்தமம்.

வெட்டும் முறை செம்பருத்தி போலத்தான், இன்னும் சுலபம். தூரிலிருந்து போத்து தானாகவே வரும். தடித்த தண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு எடுங்கள். மிச்சத்தில் நுனியைத் தொடாதீர்கள், அதன் வில் போன்ற வளைவு போய்விடும்.

வயருக்கு அருகே உள்ள கிளையை நீங்களோ வேலையாளோ தொட வேண்டாம். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் இணைப்பை நிறுத்திய பிறகே வெட்டுங்கள்.

---

கவைக்கோல் (மதுரை)

ஒன்று விட்டுப்போனது. கத்தரியை எடுப்பதற்கு முந்தின நாள் ஒவ்வொரு செடிக்குள்ளும் தலையை விட்டுப் பாருங்கள். கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் இந்த உயரத்தில்தான் கூடு கட்டும். தையல்சிட்டின் கூடு இரண்டு இலையைத் தைத்தது போல் இருக்கும், சுலபத்தில் தெரியாது. முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தச் செடியை மட்டும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

வேலையாளுக்கு வாயால் சொல்லி விளங்க வைப்பது கடினம். எடுக்க வேண்டிய கிளை ஒவ்வொன்றிலும், வெட்ட வேண்டிய அதே இடத்தில், சிவப்புத் துணிக் கீற்றுக் கட்டிவிடுங்கள். "துணி கட்டினதை மட்டும் எடுங்க அண்ணே, துணி கட்டின இடத்துலயே வெட்டுங்க" என்றால் போதும்.

---

மொட்டைமாடி (சென்னை)

வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டாமா?

---

பட்டறைக்காரர் (சேலம்)

விரல் பருமனுக்கு மேலான வெட்டுக்குத் தடவுவேன். 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு அரை லிட்டரில், தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து மூன்றாவது பாத்திரத்தில் ஒன்றாக ஊற்ற வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். கரைத்த அன்றே தடவி முடிக்க வேண்டும்.

---

இலைச்சருகு (கோவை)

இதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. மரமும் செடியும் புண்ணை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி உள்ளே அடைத்துவிடுகின்றன. புடைப்புக்கு வெளியே சரியாக வெட்டினால் அந்த வேலை தானே நடக்கும். தவறாக வெட்டிய இடத்தைப் பசை காப்பாற்றாது. பெயிண்ட், தார் பூசுவது கெடுதலே செய்யும், ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

---

பட்டறைக்காரர் (சேலம்)

பெயிண்டும் தாரும் கூடாது என்பதில் நானும் உடன்படுகிறேன். போர்டோ பசை காற்றை அடைக்காது, பூஞ்சணத்தை மட்டும் தடுக்கும். தையில் வெட்டும் செம்பருத்திக்கு அவசியமில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன். மழை நாளில் காற்றில் ஒடிந்த கிளையைச் சீர்செய்து வெட்டும்போது நான் விடமாட்டேன்.

---

செவ்வரத்தை (யாழ்ப்பாணம்)

வணக்கம், எங்கட பக்கத்தில செம்பருத்தியை செவ்வரத்தை எண்டுதான் சொல்லுறது. மழைக்காலமும் உங்களைப் போலத்தான், ஐப்பசியில இருந்து மார்கழி மட்டும். ஆகவே தை மாசக் கணக்கு இஞ்சையும் பொருந்தும்.

ஒரு சின்னச் சேர்க்கை. குரோட்டன் அடியில மொட்டையாகி மேல மட்டும் இலை நிண்டால், உடன வெட்டி எறியாதேங்கோ. நுனியில இருந்து ஒண்டரை அடி கீழ, ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாச் சீவி, ஈரத் தும்புச்சோறு (தென்னை நார்த்தூள்) வைச்சு பொலித்தீனால இறுக்கிக் கட்டுங்கோ. ஆறு கிழமை (வாரம்) அளவில வெள்ளை வேர் தெரியும். அதுக்குப் பிறகு வேருக்குக் கீழ வெட்டி நட்டால் புதுக் கண்டு. தாய்த்தண்டும் வெட்டின இடத்துக்குக் கீழ துளிர்க்கும்.

---

மலைச்சாரல் (ஊட்டி)

இடையில் ஒரு கேள்வி. வாசலில் துஜா இரண்டு, ஆறடி. ஒரு பக்கம் ஆழமாக வெட்டியதில் பழுப்பு ஓட்டை விழுந்து ஒரு வருடமாகியும் மூடவில்லை. உரம் வைத்தால் வருமா?

---

இலைச்சருகு (கோவை)

வராது. துஜா, சைப்ரஸ் வகைகள் பச்சை உள்ள பகுதியில்தான் துளிர்க்கும், பழுப்பான பழந்தண்டில் மொட்டு கிடையாது. செம்பருத்திக்குச் சொன்ன எதையும் இதற்குச் செய்யாதீர்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள பச்சைக் கிளை இரண்டு மூன்றைத் தளர்வாகச் சணல் கயிறு கட்டி ஓட்டைமேல் இழுத்து வையுங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் மறைந்துவிடும். இனி ஒவ்வொரு வருடமும் நுனிப் பச்சையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். அரோக்கேரியா இருந்தால் அதன் உச்சி நுனியைத் தொடவே கூடாது, அந்த அடுக்குக் கோபுரம் திரும்பி வராது.

---

திண்ணைத்தோட்டம் (திருச்சி)

ஆறு வாரம் ஆகிவிட்டது. சொன்னபடியே செய்தோம், துணிக் கீற்று நன்றாக உதவியது. செம்பருத்தி இப்போது ஏழரை அடி. நந்தியாவட்டைப் பாதை திறந்துவிட்டது, வெட்டியதே தெரியவில்லை. இட்லிப்பூவின் ஜன்னலில் மூன்று இடத்தில் துளிர். செம்பருத்தியில் மட்டும் இரண்டு பிரச்சினை. தரையோடு வெட்டிய தண்டுகளைச் சுற்றி இருபதுக்கு மேல் போத்து கிளம்பியிருக்கிறது. புதுத் துளிரில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக, எறும்பு ஊர்கிறது.

---

கவைக்கோல் (மதுரை)

போத்து எல்லாம் வேண்டாம். எடுத்த தண்டு ஒன்றுக்கு ஒரு போத்து, அதிகம் போனால் இரண்டு. தண்டின் வெளிப்பக்கம், தரைக்கு மிக அருகில் பிறந்த, நடுத்தரப் பருமன் உள்ளதை வையுங்கள். எல்லாவற்றிலும் கொழுத்து நேர்குத்தாக ஓடுவது வேண்டாம், அது நீர்ப்போத்து, பூவுக்கு வர நாளாகும். வேண்டாததைக் கத்தரியால் வெட்டாமல் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள், அடி மொட்டும் சேர்ந்து போகும். வைத்த போத்து ஒன்றரை அடி வந்ததும் நுனியை ஒருமுறை கிள்ளுங்கள். அந்த ஒரு கிள்ளல்தான் உங்கள் மொட்டை நாலடியில் இலை கொண்டுவரும்.

வெள்ளை மாவுப்பூச்சி. எறும்பு அதை மேய்ப்பது, முதலில் எறும்பின் வழியை அடையுங்கள், சுவரைத் தொடும் கிளை இருந்தால் எடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை விசையாக அடித்துப் பூச்சியை உதிருங்கள். மாலையில் ஒரு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில துளி காதி சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கமும் கவைகளும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். சுருண்டு முடிச்சான நுனியைக் கிள்ளிப் பையில் போட்டு வெளியேற்றுங்கள், செடியடியில் போட வேண்டாம்.

யூரியா ஏதாவது வைத்தீர்களா?

---

திண்ணைத்தோட்டம் (திருச்சி)

வைத்தேன். வெட்டிய மறுவாரம் ஒரு கைப்பிடி. நன்றாகத் துளிர்க்கட்டும் என்று.

---

கவைக்கோல் (மதுரை)

இருபது போத்துக்கும் மாவுப்பூச்சிக்கும் அதில் பங்கு உண்டு. வேர் பழைய அளவிலேயே இருக்கிறது, தழை மட்டும் மூன்றில் ஒன்று குறைந்தது. ஏற்கெனவே வேகம் அதிகம். அதன்மேல் தழைச்சத்தும் போனால் துளிர் நீர்கோத்து மென்மையாகி, சாறு உறிஞ்சும் பூச்சிக்கு விருந்தாகும். இனி சித்திரை முடியும் வரை எந்த உரமும் வேண்டாம். தூரிலிருந்து ஒரு அடி தள்ளி, சுற்றிலும் இரண்டங்குலக் கனத்துக்குச் சருகு மூடாக்கு, வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர். ஆனியில் ஐந்து கிலோ மக்கிய தொழுவுரமும் 200 கிராம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து வையுங்கள்.

அடுத்த தையில் எடுக்க வேண்டிய நான்கு பழந்தண்டுக்கு இப்போதே துணி கட்டி வைத்துவிடுங்கள். பங்குனிக்குப் பிறகு இலை அடைந்துவிட்டால் எது பழையது என்று பார்ப்பது கடினம்.